வெள்ளை வால்

போன மார்ச் மாதம் நான் ஸ்காபரோவிலிருந்து ஸ்காபரோவுக்குப் போனேன். முதலாவது ஸ்காபரோவை இந்த இதழின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. இரண்டாவது, டொபேகோ தீவின் தலைநகரம். ஒரு மலைச்சரிவு, ஒரு துறைமுகம், ஒரு பழைய கோட்டை, ஒரு சந்தை, அவ்வளவுதான். ஆங்கிலேயர் போன இடமெல்லாம் பெயர் யோசிக்கப் பஞ்சிப்பட்டவர்கள்.

போர்ட் ஒவ் ஸ்பெயினில் எனக்கு மூன்று வார வேலை. ஒரு வாடிக்கையாளரின் பழைய கணினியிலிருந்து புதியதற்குத் தரவுகளை மாற்றிக்கொடுக்க வேண்டும். இருபது வருடமாக இதைத்தான் ஊரூராகப் போய்ச் செய்கிறேன். மூன்றாவது வாரம் ஒன்ராறியோவில் மார்ச் பள்ளி விடுமுறை. என் மகளை அவளுடைய தாய் ரொறன்ரோவில் விமானம் ஏற்றிவிட்டாள். நாங்கள் பிரிந்து ஐந்து வருடமாகிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனி, ஞாயிறு மகள் என்னிடம். அவளுக்கு வயது 14. ஐந்து நாட்கள் சேர்ந்தாற்போல் நாங்கள் இருவர் மட்டும் இருக்கப்போவது அதுதான் முதல் தடவை. அவள் என்னைப் பார்க்க வந்தாள் என்று எழுத ஆசைதான். உண்மையில் அவள் ஒரு பறவையைப் பார்க்க வந்தாள்.

பறவைப் பைத்தியம் அவளுக்கு என்னுடைய பல்கனியில்தான் தொடங்கியது. ஏழாம் மாடி. ஒரு கோடை காலத்தில் அங்கே சீனித் தண்ணீர்க் குடுவை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர், சிவப்புச் சாயம் கலக்கக்கூடாது. மூன்றாம் நாள் அது வந்தது. மூன்று கிராம் எடை, மாணிக்கக் கழுத்து. செட்டை அடிப்பதைக் கண்ணால் காண முடியாது, காதால்தான் கேட்கலாம். தமிழில் இதற்கு ஓசனிச்சிட்டு என்றொரு பெயர் இருக்கிறது. நாங்கள் பொதுவாகத் தேன்சிட்டு என்று சொல்லிவிடுவோம். மகள் அதை உடனே திருத்தினாள். ஊரில் அம்மம்மா வீட்டுச் செவ்வரத்தையில் தொங்கித் தேன் குடித்தது தேன்சிட்டு. அது வேறு குடும்பம். இது அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 360 இனங்களுக்கு மேல் இருந்தும் ஒன்றுகூடக் கடல் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. நாங்கள்தான் தாண்டி வந்தோம்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு கொப்பி வந்தது. பைனாகுலர் வந்தது. ஈபேர்ட் செயலியில் கணக்கு வந்தது. எனக்கு வாக்குறுதிகள் வந்தன. மே மாதத்தில் தெற்கேயிருந்து திரும்பும் பறவைகள் ஏரியைக் கடந்து களைத்து வந்து இறங்கும் முனை பொயிண்ட் பீலி. நாலு மணித்தியாலக் கார் ஓட்டம். மூன்று வருடம் தொடர்ந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னேன். மூன்று வருடமும் ஏதோ ஒரு வாடிக்கையாளரின் புதிய அமைப்பு அந்த வார இறுதியில்தான் உயிர்பெற்றது. மூன்றாம் வருடம் நான் தொலைபேசியில், ‘வாற கிழமை கட்டாயம், பிள்ளை’ என்றபோது அவள், ‘வாற கிழமை அதுகள் போயிடும், அப்பா’ என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்கு அந்தக் கோபமின்மைதான் பிடிக்கவில்லை.

ஆகவே டிரினிடாட் வேலை வந்ததும் தொலைபேசியில் அவளிடம் கேட்டேன், அங்கே பார்க்க ஏதும் இருக்கிறதா என்று. டிரினிடாட் டொபேகோவின் அரசுச் சின்னத்திலேயே இரண்டு ஓசனிச்சிட்டுகள் உண்டு. முன்பு புழக்கத்திலிருந்த ஒரு சத நாணயத்திலும் ஒன்று இருந்தது. அவள் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு பெயரைச் சொன்னாள். ஆங்கிலத்தில் வெள்ளை வால் வாள்செட்டை என்று பொருள் வரும் பெயர். ஆண்பறவையின் வெளி இறகுகளின் தண்டு தடித்துத் தட்டையாக, வாள்போல வளைந்திருக்கும். உடல் பச்சை, கழுத்து ஊதா நீலம், வாலின் ஓரங்கள் வெள்ளை. உலகில் இரண்டே இடங்களில் இருக்கிறது. வெனிசுலாவின் வடகிழக்கு மலைகளிலும், டொபேகோவின் முதுகெலும்பான மெயின் ரிட்ஜ் காட்டிலும்.

அந்தக் காட்டைப் பற்றி நான் வாசித்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேலை நேரத்தில் வாசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1763இல் பாரிஸ் ஒப்பந்தத்தோடு டொபேகோ பிரித்தானியர் கைக்கு வந்தது. தீவைத் துண்டு போட்டுக் கரும்புத் தோட்டக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். சோம் ஜெனின்ஸ் என்றொருவர், கேம்பிரிட்ஜின் நாடாளுமன்ற உறுப்பினர், குடியேற்ற நாடுகளின் வணிகத்தைக் கவனித்த சபையில் இருந்தவர். அவருக்கு ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற விஞ்ஞானியின் கருத்து மனதில் பதிந்திருந்தது. ஹேல்ஸ் சூரியகாந்திச் செடியைச் சாடியில் வைத்து நிறுத்து, இலைகள் ஒரு நாளில் எவ்வளவு நீரை ஆவியாக விடுகின்றன என்று கணக்கெடுத்தவர். மரம் போனால் மழையும் போகும் என்பது அந்தக் கணக்கின் நீட்சி. ஜெனின்ஸ் விடாமல் வாதாட, பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டு, 1776 ஏப்ரல் 13ஆம் திகதி சட்டம் வந்தது. மலைமுதுகில் இருக்கும் காட்டை வெட்டக்கூடாது, அது மழையைக் காப்பதற்காக ஒதுக்கப்பட்டது. மேற்கு அரைக்கோளத்தில் சட்டத்தால் காக்கப்பட்ட காடுகளில் இதுவே மிகப் பழையது. ஏறக்குறைய 4,000 ஹெக்டேர்.

பறவைக்காக இரங்கி ஒருவரும் இதைச் செய்யவில்லை. கரும்புக்கு மழை வேண்டியிருந்தது. அந்தக் கரும்பை வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். மழையைக் காக்கச் சட்டம் போட்ட அதே கைகள் மனிதரை விற்கும் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டன. ஆனாலும் காடு நின்றது.

187 வருடம் நின்ற பிறகு, 1963 செப்டெம்பர் 30ஆம் திகதி ஃப்ளோரா என்ற சூறாவளி வந்தது. பின்னர் ஹெயிட்டியிலும் கியூபாவிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அதே புயல். டொபேகோவின் கொக்கோ, தென்னைத் தோட்டங்கள் அன்றோடு முடிந்தன. ரிட்ஜின் பெருமரங்கள் அடியோடு சாய்ந்தன. வாள்செட்டையை அதன்பின் யாரும் காணவில்லை. ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம். தீவில் அந்த இனம் அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். 1974இல் அது மறுபடி கண்ணில் பட்டது.

பதினொரு வருடம் எங்கே இருந்தது என்று மகளிடம் கேட்டேன். ‘இருந்த இடத்திலதான் இருந்திருக்கும். பாத்த ஆக்களுக்குத்தான் தெரியேல்லை’ என்றாள். புயல் படாத ஏதோ ஒரு பள்ளத்தில் சில சோடிகள் தப்பியிருக்கவேண்டும்.

டொபேகோவுக்குப் போகுமுன் டிரினிடாட்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் சனிக்கிழமை நானும் மகளும் சாகுவானாஸ் சந்தைக்குப் போனோம். வாசலில் நின்றபடி டபிள்ஸ் சாப்பிட்டோம். இரண்டு மெல்லிய பொரித்த ரொட்டிக்கு நடுவே கடலைக்கறி. உறைப்பு வேண்டுமா என்று கேட்டால் கொஞ்சம் என்று சொல்லவேண்டும். நான் வீரம் காட்டி அழுதேன். உள்ளே ஒரு அம்மா சிறு கட்டுகளாகக் கறிவேப்பிலை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் இதற்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டேன். ‘கரப்பிள்ளை’ என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். ‘கரப்பிள்ளை, கரப்பிள்ளை’ என்று செவிடனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

1845 மே 30ஆம் திகதி ‘ஃபத்தல் ரசாக்’ கப்பல் டிரினிடாட்டுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு வந்தது. 1917 வரை ஏறக்குறைய 1,44,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் சிறு பகுதி. அவர்களுடைய மொழி பேச்சிலிருந்து போய்விட்டது. அந்த அம்மாவின் குடும்பப் பெயர் ‘சாமி’ என்று முடிந்தது. முப்பாட்டன் மதராஸ் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மதராஸ் அவருக்கு ஒரு ஊர்கூட அல்ல, ஒரு சாதிப்பெயர் மாதிரி. மகள் அன்று முழுக்கக் கரப்பிள்ளை, கரப்பிள்ளை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கறிவேப்பிலையை விட அது சுலபமாக வந்தது என்பதை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

டொபேகோவுக்கு விமானத்தில் அரை மணித்தியாலம்கூட இல்லை. இரண்டு இரவு, இரண்டு விடியல். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு வடகரையிலிருக்கும் கஸ்தாரா என்ற மீன்பிடிக் கிராமத்தில் தங்கினோம். அங்கே இலங்கையில் போல இடது பக்கம்தான் ஓட்டவேண்டும். ஓட்டத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

வழியெல்லாம் மலைச்சரிவுகளில் செம்மஞ்சள் பூக்கள் பற்றி எரிந்துகொண்டிருந்தன. கொக்கோவுக்கு நிழலாக நட்ட மரம். இம்மோட்டல் என்கிறார்கள். காரை நிறுத்தி ஒரு பூவைப் பொறுக்கினேன். கிளி மூக்குப் போல வளைந்த இதழ். இதை எங்கே கண்டிருக்கிறேன்? எங்கள் ஊர் வேலியில் நிற்கும் முள்முருக்கின் ஒன்றுவிட்ட சகோதரம் அது. ஆட்டுக்குக் குழை, வேலிக்குக் கதியால், கலியாண வீட்டுக்குக் கன்னிக்கால். சமாதானக் காலத்தில், 2004இல், யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போய்க் கலியாணம் செய்தபோது எனக்கும் ஒரு முள்முருக்கந்தடி நட்டார்கள். மரம் இன்னும் நிற்கிறதாம். அண்மையில் மாமி தொலைபேசியில் சொன்னார். அதன்பின் ஏன் சொன்னோம் என்பது போல ஒரு இருமல் இருமினார்.

முதல் நாள் விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பார்லட்டூவியர், பிளடி பே தாண்டி றோட்டு ரிட்ஜின் மேல் ஏறுகிறது. கில்பின் ட்ரேஸ் என்ற காட்டுப் பாதையின் வாசலில் முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்துகள் வாடகைக்குக் கிடைக்கும். வறட்சிக் காலம் என்று பெயர். ஆனால் சேறு சப்பாத்தின் பாதிக்கு வந்தது. வழிகாட்டி அறுபத்தைந்து வயதுக்காரர், மெலிந்த, அவசரமில்லாத மனிதர். ஃப்ளோரா வந்தபோது அவருக்கு ஐந்து வயது. கட்டிலுக்குக் கீழே கிடந்ததும், கூரை போனபோது வெளிச்சம் வந்ததும் ஞாபகமிருக்கிறது என்றார். கூரை போனதை அவர் சத்தமாக நினைவு வைத்திருக்கவில்லை, வெளிச்சமாக வைத்திருந்தார். புயலுக்கு அடுத்த நாள் மேட்டில் ஏறி நின்ற அவருடைய தாய்க்குத் தீவின் இரண்டு பக்கக் கடலும் தெரிந்ததாம். அதுவரை அவர் கண்டதெல்லாம் மரம்.

மழைக்காட்டை நான் படங்களில்தான் பார்த்திருந்தேன். படத்தில் ஈரம் தெரியாது. ஐந்து நிமிடத்தில் மூக்குக்கண்ணாடி பனித்துவிட்டது. மரங்களின் மேல் மரங்கள், அவற்றின் மேல் வேர்கள். கால்களுக்குக் கீழே இலைத்துண்டுகள் வரிசையாக ஊர்ந்தன. உற்றுப்பார்த்தால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு எறும்பு. பச்சாக் என்றார் வழிகாட்டி. ஆபத்தான பாம்பு இந்தத் தீவில் இல்லை என்றும் சொன்னார். அதை அவர் வாசலிலேயே சொல்லியிருக்கலாம். மகள் முன்னே போனாள். மண்திட்டில் பொந்து வைத்திருந்த ஜகமார், நீல முடிசூடிய மொட்மொட், நடனக்காரன் போலத் துள்ளும் மனக்கின். அவள் ஒவ்வொன்றையும் முதலில் கண்டாள், பின்பு எனக்குக் காட்டினாள், நான் ஒவ்வொன்றையும் அது பறந்த பிறகு கண்டேன்.

வாள்செட்டை வரவில்லை. இரண்டு மணித்தியாலம் நின்றோம். சிறிய செம்பு நிறச் சிட்டுகள் வந்துபோயின. அவை எங்கும் உள்ளவை.

எட்டேகாலுக்குப் பாதையின் ஒரு வளைவில், மரம் விழுந்து வானம் திறந்த இடத்தில், என் சட்டைப்பைக்குள் தொலைபேசி துடிக்கத் தொடங்கியது. அந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்னல் கிடைத்தது. பதினாலு செய்திகள். இரவு ஓட்டிய தரவு மாற்றத்தில் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துவரவில்லை. எங்கள் தொழிலில் வாரா வாரம் நிலைமை அறிக்கை கொடுப்போம். பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் இரண்டு வாரமாகப் பச்சை கொடுத்திருந்தேன். வத்தகப்பழ அறிக்கை என்று எங்களுக்குள் சொல்வோம், வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. வழிகாட்டி பின்னால் வேறொரு குழுவோடு பேசிக்கொண்டு நின்றார். நான் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

‘அப்பா!’

நிமிர்ந்தேன். வாழை போன்ற பெரிய இலையின் கீழ் சிவப்புப் பூங்கொத்து ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அது மட்டும்தான்.

‘பாத்தனீங்களோ? வால் வெள்ளைதானே? நான் வாலைத்தான் கண்டனான். வெள்ளைதானே?’

‘ஓம். வெள்ளை.’

‘வயிறு? வயிறு என்ன கலர்?’

அந்த முகத்தை வாசகர்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

‘பச்சை’ என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பைனாகுலர் இருவர் நெஞ்சிலும் குத்தியது. கடைசியாக எப்போது அப்படிக் கட்டிப்பிடித்தாள் என்று எனக்கு நினைவில்லை. ஒன்பது, பத்து வயதில் இருக்கலாம். திரும்பி நடக்கும்போது முழுவதும் பேசிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடம், ஒரு சினேகிதியோடு நடந்த சண்டை, தாய் புதிதாக வாங்கிய நாய்க்குட்டி. ஐந்து வருடத்தில் நான் கேட்டு அவள் சொல்லாததெல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில் கேட்காமலே கிடைத்தது.

இரவு அவள் குளிக்கப் போனபோது மேசையில் கிடந்த அவளுடைய பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். ஓசனிச்சிட்டுகள் இரண்டு பக்கம். வாள்செட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று. தலை நீலம், முதுகு பச்சை, பிடரியில் வெள்ளைக் கீற்று, வயிறு வெள்ளை. வாலும் வெள்ளை. ஜகோபின் என்று பெயர். டொபேகோவில் சாதாரணமாகக் காணலாம் என்று போட்டிருந்தது. அப்போதுதான் அவளுடைய இரண்டாவது கேள்வி எனக்கு விளங்கியது. வாலைக் கண்டது போதாது. வயிற்றைக் கண்டால்தான் எது என்று சொல்லலாம். அதனால்தான் என்னிடம் கேட்டாள். கொப்பியும் பக்கத்தில் திறந்து கிடந்தது. 206ஆம் இலக்கத்தில் வாள்செட்டை, திகதி, நேரம், இடம். குறிப்பு என்ற இடத்தில் அவளுடைய உருண்டைத் தமிழ் எழுத்தில், ‘வயிறு பச்சை (அப்பா)’ என்று எழுதியிருந்தாள். தமிழில் எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதியிருக்கவேண்டும்.

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. கஸ்தாராவில் அலை மிக அருகில் கேட்கும், அதைச் சாட்டலாம்.

நாலு மணிக்கு எழும்பியபோது அவள் வராந்தாவில் கதிரையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

‘அப்பா, நான் அதை வெட்டிப்போட்டன்.’

‘எதை?’

‘இருநூற்றாறை. நான் வயிறு பாக்கேல்லை. நீங்கள் பாத்தது உங்கட லிஸ்ட்டுக்குத்தான் போடலாம். என்ர லிஸ்ட்டுக்குப் போடக்கூடாது. அது ரூல்.’ பிறகு, என் முகத்தைப் பார்த்து, ‘நீங்கள் குறை நினைக்காதேங்கோ’ என்றாள்.

சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். நான், ‘விமானம் ரெண்டு மணிக்குத்தானே. இன்னொருக்காப் போவம்’ என்றேன். அன்று காலை எட்டரைக்கு எனக்கு ஒரு தொலைபேசிக் கூட்டம் இருந்தது, புதிய அமைப்பைத் தொடங்குவதா விடுவதா என்று தீர்மானிக்கும் கூட்டம். தொலைபேசியைக் காரின் முன்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்தக் கூட்டத்துக்கு நான் போகாததற்கு வந்த பலன்கள் வேறு கதை. அவை இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

வழிகாட்டி எங்களைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. மகள் நேற்றைய இடத்தையும் நேரத்தையும் சொன்னாள். அந்தப் பூவுக்கு அந்த நேரத்தில் ஒரு ஜகோபின் வருவது வழக்கம் என்றார் அவர். மகள் என் பக்கம் திரும்பவில்லை. ‘என்ர அப்பா வயிறு பச்சை எண்டு கண்டவர்’ என்று ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னாள், எனக்காக வழக்காடுவது போல. அவர் என்னைப் பார்த்தார். அறுபத்தைந்து வயது, எத்தனையோ சுற்றுலாக்காரரைக் கண்ட கண். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் எங்களை வேறு பக்கமாக, ஓடை ஒன்றின் மேல் இருந்த சரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, இலையில்லாத ஒரு மெல்லிய சுள்ளியைக் காட்டினார். ஆண்பறவைக்கு ஒரு சுள்ளி சொந்தம், விட்டுப் போனாலும் திரும்பி வரும் என்றார். சேற்றில் நின்றோம். நுளம்பு கடித்தது. ஏழு மணி, ஏழு இருபது. மேலே எங்கோ ஒரு ‘சிப்’, மறுபடி ஒரு ‘சிப்’, யாரோ சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுவது போல. பிறகு அது நின்றுவிட்டது.

ஏழு நாற்பதுக்குச் சுள்ளியில் அது இருந்தது. வந்ததைக் காணவில்லை. முதலில் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு தலையைத் திருப்பியது. கழுத்தில் நீலம் பற்றி, ஊதாவாகி, அணைந்தது. வயிறு பச்சை, கீழ்வரைக்கும் பச்சை. ஒரு செட்டையை மட்டும் மெதுவாகக் கீழே நீட்டிச் சோம்பல் முறித்தது. பல்கனிக்கு வரும் எங்கள் சிட்டை நினைத்துக்கொண்டு நின்ற எனக்கு இது ஒரு இராட்சதன். கை நடுங்க,

‘கடவுளே, இவ்வளவு பெரிசோ!’ என்று சொல்லிவிட்டேன்.

அது பறந்தது. பறக்கும்போது வால் விசிறியாக விரிந்தது. இரண்டு ஓரமும் வெள்ளை, கிழித்த கடதாசி போல. பத்து விநாடி கழித்து அதே சுள்ளிக்குத் திரும்பி வந்தது. மகள் அதைப் பார்க்கவில்லை. பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘இப்பதான் முதல் தரம் பாக்கிறீங்கள்.’

அது கேள்வியல்ல.

‘ஓம்.’

‘நேற்று?’

‘நேற்று நான் போனைப் பாத்துக்கொண்டு நிண்டனான். ஒண்டும் காணேல்லை. வாலும் காணேல்லை.’

அவள் பைனாகுலரைத் தூக்கினாள். நாலைந்து நிமிடம் அது இருந்த வரைக்கும் அசையாமல் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது போன பிறகு வழிகாட்டிக்கு நன்றி சொன்னாள், சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்தாள், காரில் ஏறிப் பெல்ட்டைப் போட்டாள். பிளடி பே, பார்லட்டூவியர், கஸ்தாரா. ஒரு சொல் இல்லை. ஓரிடத்தில் றோட்டின் குறுக்கே இரண்டு கொக்ரிக்கோ கோழிகள், டொபேகோவின் தேசியப் பறவைகள், ஊர்ப் பெண்கள் போலச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடின. வேறு நாளில் அவள் சிரித்திருப்பாள்.

விமான நிலையத்தில் வாங்கில் இருந்தபடி கொப்பியைத் திறந்தாள். எழுதி முடித்து, என் பக்கம் தள்ளிவிட்டாள். 206, வெட்டியது வெட்டியபடி இருந்தது. ‘வயிறு பச்சை (அப்பா)’ என்பதில் ‘அப்பா’வுக்குப் பக்கத்தில், ‘பார்க்கவில்லை’ என்று சேர்த்திருந்தாள். அதன் கீழே மறுபடி 206. காலை 7.40. ஆண், 1. பார்த்தவர்கள், 3.

‘மூண்டு பேரோ?’

‘நீங்கள், நான், அந்த அங்கிள்.’

விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். நான் தொலைபேசியை எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று கை துடித்தது, அதையும் அவள் கவனித்திருப்பாள்.

‘மே மாதம் பொயிண்ட் பீலிக்கு வருவீங்களோ?’ என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க, கையைக் காட்டி மறித்தாள். ‘தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ.’

மே மாதம் என்ன வேலை, எந்த நாட்டில், யாருடைய தரவு என்று யோசித்தேன்.

‘இப்ப தெரியாது’ என்றேன்.

அவள் தலையாட்டினாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அங்கே எதையோ எழுதினாள். அதை எனக்குக் காட்டவில்லை.